களைக்கு முதல் பரிசு

சென்ற மே மாதம் ஏற்காட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். கோடை விழா மலர்க் கண்காட்சியோடு சேர்த்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு செடிக் கண்காட்சி வைக்கிறார்களாம். பயிர், மேய்ச்சல் புல், களை, காட்டு மரம் என்று பிரிவுகள். நடுவர் குழுவுக்கு மலையில் பிறந்தவராக, விதிமுறை படித்தவராக, முக்கியமாகச் சம்பளம் கேட்காதவராக ஒருவர் வேண்டும். என் பெயரை யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடல்நிலை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அது பொய் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரம்தான் ஓய்வூதியர் நேர்காணலுக்காக உங்களோடு கருவூல வாசலில் வெயிலில் நின்று, நான் உயிரோடிருப்பதை அரசுக்கு மெய்ப்பித்துவிட்டு, எதிர்க்கடையில் போண்டாவும் தின்றேன். போண்டா தின்ன முடிகிறவளுக்கு நாற்காலியில் உட்கார்ந்து செடி பார்க்க முடியாதா என்று அங்கேயே ஒருவர் கேட்டார். முடியும். பார்க்க மனமில்லை. ஏன் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. போண்டா ஆறிவிடும் என்பதால்.

அவர்கள் அனுப்பிய விதிமுறையைச் செல்பேசியில் திறந்து படித்தேன். ‘ஒவ்வொரு மாதிரியிலும் வேர், இலை, பூ, விதை நான்கும் இருத்தல் வேண்டும். சேகரித்த இடத்தைத் துல்லியமாகக் குறிப்பிடுதல் வேண்டும்.’ நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பள்ளிக்கு வந்த தாளிலும் இதேதான் இருந்தது. அரசு வாக்கியங்கள் சாவதில்லை. எழுதியவர்கள்தான் ஓய்வு பெறுகிறார்கள்.

அப்பா அதே மலையில், நாகலூருக்கு அப்பால் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களின் வருகையையும் அன்றன்றைய வேலையையும் எழுதுபவர். முதலாளிக்கும் வேலையாட்களுக்கும் நடுவில் நிற்க வேண்டியவர். முதலாளியைத் தொரை என்பார்கள். வெள்ளைக்காரர் அல்ல, வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கிய நம் ஊர்க்காரர். நிலத்தோடு அந்தப் பட்டமும் கிரயமாகியிருந்தது. எங்கள் வீடு காப்பி காயப்போடும் களத்துக்குக் கீழே, எஸ்டேட் கொடுத்த தகர வீடு. மழை பெய்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. எங்கள் வீட்டில் சண்டைகள் குறைவாக இருந்ததற்கு அதுவும் காரணம்.

பள்ளியில் சிஸ்டர் பிரிவுகளைப் பங்கிட்டார். அந்தப் பங்கீட்டை இப்போது நினைத்தால், நான் பிற்பாடு அலுவலகத்தில் பார்த்த எந்த ஒதுக்கீட்டு ஆணைக்கும் அது குறைந்ததில்லை. காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பயிர். மரக்கடைக்காரர் மகளுக்குக் காட்டு மரம். கரடியூரிலிருந்து வந்த, வீட்டில் எருமை கட்டியிருந்த பெண்ணுக்கு மேய்ச்சல் புல். சொந்தமாக ஒரு சாண் நிலமும் இல்லாத ரைட்டர் மகளுக்குக் களை. “உனக்குச் சுலபம், எங்கே பார்த்தாலும் கிடைக்கும்” என்றார் சிஸ்டர், அன்பாகத்தான். வீட்டுக்கு வந்து அழுதேன். தொரையின் மகள் சிவந்த காப்பிப் பழம் வைப்பாள், நான் கோரைப் புல் வைக்க வேண்டுமா?

அப்பா அழுகையைப் பொருட்படுத்தவில்லை. விதிமுறைத் தாளை வாங்கி விளக்கடியில் வைத்துப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வேத பாடம் வாசிக்கும்போது இருக்கும் அதே முகம். எனக்கு விதிமுறைகள் மேல் வந்த பற்று அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

சில்வர் ஓக் பலகை இரண்டை இழைத்து, பழைய பெல்ட்டுகளால் இறுக்கிக் கட்டும்படி ஒரு அழுத்துப் பெட்டி செய்தார். செடியைப் பழைய செய்தித்தாளுக்குள் விரித்து, பலகைகளுக்கு நடுவில் வைத்து, மேலே அம்மாவின் அம்மிக் குழவியை ஏற்றினார். தினமும் தாள் மாற்ற வேண்டும். ஈரத்தாளைக் கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காய வைப்பேன். பாதி காய்ந்த பச்சையும் அச்சு மையும் கரிப்புகையும் சேர்ந்த அந்த வாசனையை என்னால் இன்றும் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியும். அந்தப் பலகைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. அம்மா விறகாக அடுப்பில் வைத்திருப்பாள். குழவி மட்டும் வேலைக்குத் திரும்பியது.

சிக்கல் விதையில் வந்தது. வேர், இலை, பூ மூன்றும் கிடைத்தன. விதை கிடைக்கவில்லை. காரணம் எளிது. ஒழுங்காக நடக்கிற எஸ்டேட்டில் களை விதை கட்டும்வரை உயிரோடிருக்காது. கோடை மழை விழுந்து களை தலை தூக்கியதும் பெண்கள் வரிசையாக இறங்கிக் கொத்திக்கொண்டே போவார்கள். பூக்கும் முன் வேரோடு வெயிலில் கிடக்கும். அப்படி நடப்பதைப் பார்த்துக்கொள்வதுதான் அப்பாவின் வேலை. தன் வேலையை அவர் நன்றாகச் செய்ததால் தன் மகளுக்கு விதை இல்லை.

களை வெட்டும் பெண்களுக்குத் தலைவியாக ஒருவர் இருந்தார். புருஷன் மேஸ்திரியாக இருந்து இறந்தபின் அந்த வேலையை ஏற்றவர், அதனால் மேஸ்திரியம்மா. வெற்றிலை போட்ட வாய், குரல் மட்டும் ஒரு பிளாக் தள்ளிக் கேட்கும். நான் கூடையோடு செடி பிடுங்கித் திரிவதைப் பார்த்துச் சிரிப்பார்.

“ஏங்கண்ணு, நாங்க புடுங்கிப் போடறத நீ ஒட்டி வெக்கறயா? சொல்லியிருந்தா மூட்டையாக் கட்டிக் குடுத்திருப்பனே. தொரை மவ காப்பி வெப்பா, ரைட்டர் மவ களை வெப்பா. எங்கூட்டுப் புள்ள வெக்கோணும்னா மண்ணத்தான் வெக்கோணும்.”

ஒரு சாயங்காலம் அப்பா அவரை வீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பேசினார். நான் தாள் மாற்றிக்கொண்டிருந்தேன். சில்வர் ஓக் மர வரிசைக்குக் கீழே உள்ள பள்ளத்துத் துண்டை இந்த முறை விட்டுவிடச் சொன்னார். கண்காட்சி முடிந்ததும் வெட்டிக்கொள்ளலாம், அதுவரை அங்கே யாரும் கொத்து வைக்க வேண்டாம் என்றார். மேஸ்திரியம்மா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார்.

“ஏனுங்க ரைட்டரய்யா, தொரை கண்ணுல பட்டா?”

“நானிருக்கறேனில்ல. நான் பாத்துக்கறேன்.”

“செரிங்க. பாப்பாளுக்குத்தானே.”

அதற்குப் பிறகு ஆட்கள் ஓக் வரிசைவரை வந்ததும் அவர் கத்துவது எங்கள் வீட்டு வாசலுக்குக் கேட்கும். “அங்கயே நில்லுங்க புள்ளைகளா, அந்தப் பக்கம் ரைட்டரய்யா பண்ணையம்.” பெண்கள் சிரிப்பார்கள். அப்பாவும் சிரித்தார். எல்லோருக்கும் தெரிந்த ரகசியமாக, அந்தப் பள்ளத்தில் களை இடுப்பளவு எழுந்தது.

அந்தப் பள்ளத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கானாவாழை நீலமாகப் பூத்துப் படர்ந்தது. மூக்குத்திப் பூண்டு பஞ்சு விரித்தது. நாயுருவி கதிர் விட்டது. தொட்டாச்சிணுங்கியின் காய்கள் முள்ளோடு கொத்துக் கொத்தாக நின்றன. ஒட்டுப்புல் விதைகள் பாவாடை முழுக்கக் குத்திக்கொள்ளும், வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதை அம்மா வாசலில் போடவிட மாட்டாள், அடுப்பில் போடச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலிலிருந்து வந்ததும் அப்பாவும் நானும் அங்கே இறங்கிவிடுவோம். வேர் அறுந்துவிடாமல் மண்ணை நெகிழ்த்தித் தூக்க அவர் கற்றுக்கொடுத்தார். களையை அத்தனை மரியாதையோடு கையாண்ட மனிதர் அந்த மலையில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

செடியை அட்டையில் பசை போட்டு ஒட்டக் கூடாது, காகிதப் பட்டைகளால்தான் பிணைக்க வேண்டும் என்பது விதி. பிணைத்தோம். கீழே பெயர், பயிருக்கு அது செய்யும் கெடுதல், சேகரித்த இடம். இடம் என்ற வரியில் என்ன எழுத என்று கேட்டேன். அப்பா யோசிக்கவே இல்லை. எஸ்டேட் பெயரைச் சொல்லி, ‘ஓக் வரிசைக்குக் கீழ், பள்ளத்து பிளாக்’ என்று எழுதச் சொன்னார். துல்லியமாக என்று தாளில் இருக்கிறதே. எல்லா அட்டையிலும் அதையே எழுதினேன், குண்டுக் கையெழுத்தில், ஒரு அடித்தல் இல்லாமல். விதிமுறையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுகிறவர்கள் எப்படி மாட்டிக்கொள்கிறார்கள் என்பதற்கு நான் பணியில் பல கோப்புகள் பார்த்துவிட்டேன். முதல் கோப்பு எங்கள் வீட்டில் தயாரானது.

கண்காட்சிக் கூடாரத்துக்குள் துணிச் சூடும் சாமந்தி வாசனையுமாக இருந்தது. பயிர் மேசையில் காப்பிக் கிளைகள் வாடித் தொங்கின. மே மாதத்தில் சிவந்த பழம் ஏது? தொரையின் மகள் பச்சைக் காய்க்குச் சாயம் பூசிக் கொண்டுவந்திருந்தாள். மர மேசையில் வட்ட வட்டமாக அறுத்த துண்டுகள், ஒன்றிலும் இலை இல்லை. புல் மேசை ஆட்டுக்குப் போட வைத்த கட்டு மாதிரி இருந்தது. தோட்டக்கலை அதிகாரி ஒருவர் நடுவராக வந்து, என் அட்டைகளுக்கு முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டார். ஒவ்வொன்றிலும் விதை இருக்கிறதே, எப்படி என்று கேட்டார். அப்பாதான் இடம் காட்டினார் என்றேன். அப்பா சற்றுத் தள்ளி, வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்ததைப் பிறகு நான் பார்க்கவில்லை.

களைப் பிரிவில் மட்டுமல்ல, எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து எனக்கே முதல் பரிசு. பரிசு கொடுக்க வந்தவர் எங்கள் தொரை. பரிசுப் பொருளை வாங்கித் தந்திருந்ததும் அவர்தான். காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டும் கத்தரி, சிவப்புக் கைப்பிடி, அட்டைப் பெட்டியில். கைதட்டினார்கள். தொரை என் தலையைத் தொட்டு, நம்ம ரைட்டர் மகள் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார். அவர்கள் அட்டைகளைப் பார்க்க வந்தார்கள். மற்ற எஸ்டேட்காரர்கள். அதில் ஒருவர் குனிந்து, இடம் என்ற வரியை வாய்விட்டு வாசித்தார். அடுத்த அட்டையையும் வாசித்தார். அதற்கடுத்ததையும்.

“ஏனுங்க, எல்லாமே உங்க பள்ளத்துல வெளஞ்சதா இருக்குது? காப்பிக்கு நடுவுல களை போட்டிருக்கீங்களா, களைக்கு நடுவுல காப்பி போட்டிருக்கீங்களா?”

கூடாரமே சிரித்தது. தொரையும் சிரித்தார், மற்றவர்கள் நிறுத்தும்வரை. பிறகு அப்பாவைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

“பள்ளத்துக்குக் களை வெட்டியாச்சுன்னுதான எங்கிட்டச் சொன்னீங்க ரைட்டர்? இது விதை கட்டி நிக்குது. மேஸ்திரி வேலையே பண்ணாம ஆளுகளக் கூட்டிட்டுப் போயிருக்கறா. அப்படித்தான?”

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். நான்தான் விடச் சொன்னேன் என்ற வாக்கியம். அப்பா கூடாரத் துணியைப் பார்த்தார். என் கையிலிருந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தார்.

“விசாரிக்கறேனுங்க தொரை” என்றார்.

நண்பர்களே, இந்த வாக்கியத்தின் முழுப் பயன்பாடும் உங்களுக்கும் எனக்கும் தெரியும். இதைச் சொன்னவுடன் கேள்வி கேட்டவருக்குத் திருப்தி, சொன்னவருக்கு அவகாசம், மாட்டிக்கொண்டவருக்கு மட்டும் ஒன்றுமில்லை. தொரை விசாரணைக்குக் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வேறு மேஸ்திரி போடச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். மேஸ்திரி வேலை போனால் அதோடு வந்த லயன் வரிசை வீடும் போகும். அந்த வீட்டில் மேஸ்திரியம்மாவோடு நடக்க முடியாத மாமியாரும் இருந்தார்.

பஸ்ஸில் வீடு திரும்பியபோது நான் அட்டைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். எழுத்து வெளியே தெரியக் கூடாது என்று தோன்றியது.

மறுநாள் ஞாயிறு. கோயிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மேஸ்திரியம்மா வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னதும் வந்தார். அம்மா காப்பி கலக்கப் போனாள். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

“கண்ணு, அந்த அட்டைகளக் கொண்டா. நா விட்ட களைன்னு சொல்றாங்க. நா விட்டத நா பாக்க வேண்டாமா?”

கொண்டுவந்து பரப்பினேன். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கானாவாழையைப் பார்த்து, பரவாயில்லையே, புடவையில போட்ட பூவாட்டம் இருக்குது என்றார். தொட்டாச்சிணுங்கியை விரலால் தொட்டு, செத்ததுக்கு அப்பறம் சிணுங்காதா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்பாவைப் பார்த்ததும் போய்விட்டது. அவர் சுவரோரம் நின்றிருந்தார், உட்காரவில்லை.

மேஸ்திரியம்மா ஒட்டுப்புல் அட்டையைத் தூக்கி அப்பா பக்கம் நீட்டினார்.

“ரைட்டரய்யா, எனக்கு எழுத்துத் தெரியாது. இதுல பாப்பா பேரு எங்க இருக்குதுங்க?”

அப்பா விரலை வைத்துக் காட்டினார்.

“அதுக்குப் பக்கத்துல எம்பேரையும் எழுதச் சொல்லுங்க. வெட்டாம வளத்தவ நானுன்னு ஊரே சொல்லுது. வளத்தவளுக்குப் பரிசுல பங்கில்லைங்களா?”

தகரத்தின் மேல் ஓக் சருகு விழுந்து உருள்வது கேட்டது. அப்பா, நாளைக் காலையில் தொரையிடம் பேசுவதாகச் சொன்னார். மேஸ்திரியம்மா அட்டையைத் தரையில் வைத்தார்.

“நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்க. அத நாந்தான் கேட்டேன், வேற சாட்சி இல்ல. பேசுங்க.”

காப்பி வந்தபோது அவர் படி இறங்கியிருந்தார். அந்தக் காப்பியை யாரும் குடிக்கவில்லை. அம்மா அதைத் திரும்ப அடுக்களைக்குக் கொண்டுபோனாள், அங்கிருந்துதான் பேசினாள். நீங்கள் உண்மையைச் சொன்னால் இந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள், பாப்பாளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, நாம் எங்கே போவது என்று. மேஸ்திரியம்மா எங்கே போவார் என்பதை அவளும் கேட்கவில்லை. அன்று மழை இல்லை, எல்லாம் தெளிவாகக் கேட்டது.

திங்கட்கிழமை அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் தொரையின் பங்களாவுக்குப் போனார். நான் வாசலில் உட்கார்ந்து காத்திருந்தேன். திரும்பி வந்ததும் அம்மா கேட்டாள்.

“சொன்னீங்களா?”

“பேசுனேன்.”

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. தன் பயத்துக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்திருக்கும். அவர் பங்களாவில் என்னதான் பேசினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வார முடிவில் மேஸ்திரியம்மாவின் பாத்திரங்களும் கட்டிலும் ஒரு மாட்டுவண்டியில் போயின. மாமியாரைக் கட்டிலோடு சேர்த்து உட்கார வைத்திருந்தார்கள். பள்ளத்து பிளாக்கை வேறு ஆட்கள் வெட்டி முடித்தார்கள். அப்பா ஓய்வு பெறும்வரை ரைட்டராகவே இருந்தார்.

இப்போது இந்த விஷயத்தை ஒரு கோப்பாக என் மேசைக்கு வந்ததாக வைத்துப் பார்க்கிறேன். பழக்கதோஷம். பணியாளர் ஒருவர் ஒரு துண்டு நிலத்தில் களை வெட்டுவதைச் சில வாரம் தள்ளிவைத்தார், வெட்டியாயிற்று என்று ஒரு பொய்யும் சொன்னார். நஷ்டம் அற்பம். முன்பு குற்றம் ஏதும் இல்லை. தோட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தெரிந்த ரைட்டர், அவரை அனுப்பிவிட்டு வேறொருவரைப் பழக்க எந்த முதலாளிக்கும் பொறுமை இருக்காது. தண்டனை? வாய்மொழி எச்சரிக்கை. அதிகம் போனால் கூடாரத்தில் நாலு பேர் முன்னால் ஒரு திட்டு. வீடு போயிருக்காது. பள்ளிக்கூடம் போயிருக்காது. அவ்வளவு மலிவான ஒன்றுக்குத்தான் பயந்திருக்கிறோம். இது தெரியாமலே இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். விதிமுறை படித்ததில் கிடைத்த பலன் இது.

கத்தரியை அப்பா தொடவில்லை. அம்மா கருவாட்டு வால் நறுக்க எடுத்துக்கொண்டாள். உப்பு ஏறித் துருப்பிடித்து, பிறகு காணாமல் போனது. அட்டைகளைச் சிஸ்டர் பள்ளி வராந்தாவில் மாட்டினார். ‘எங்கள் மாணவியின் சாதனை’ என்று மேலே ஒரு துணி. தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். நான் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். பரிசு வாங்கியும் தலைக்கனம் இல்லாத பிள்ளை என்று சிஸ்டர் அம்மாவிடம் பாராட்டினார்.

மழைக்காலம் தொடங்கியபின் தலைச்சோலையில் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு அப்பாவும் நானும் போனோம். பஸ்ஸைப் பிடிக்கக் காட்டுக் குறுக்குவழியில் ஓடியதில் என் பாவாடை முழுக்க ஒட்டுப்புல். ஜன்னலோரம் எனக்கு, பக்கத்தில் அப்பா. தலைச்சோலைக்கு முன்னால் ஒரு வளைவில் எதிரே லாரி வந்து பஸ் நின்றது. மேலே சரிவில் பெண்கள் வரிசையாகக் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சாக்கை முக்காடாகப் போட்டிருந்தார்கள், யார் என்று தெரியவில்லை. குரல் தெரிந்தது.

“ஏங்கண்ணு, ரைட்டரூட்டுப் பாப்பா! களை வேணுமா? இங்க நெறைய கெடக்குது சாமி. அப்பாகிட்டச் சொல்லு, வெட்டாம வெச்சிருக்கறேன்னு!”

அந்த வரிசைக்கு இப்போது அவர் தலைவி இல்லை, கடைசியில் நின்றிருந்தார். பெண்கள் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் பஸ்ஸிலும் சிலர் சிரித்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சரிவைப் பார்க்கவில்லை. குனிந்து, என் பாவாடையில் குத்தியிருந்த ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.

லாரி போய், பஸ் கிளம்பி, குரல் பின்னால் போனபிறகும் அவர் நிமிரவில்லை. நாங்கள் இறங்கும் இடம்வரை பிடுங்கிக்கொண்டே வந்தார். பிடுங்கியதை ஜன்னல் வழியாக வீசவில்லை, வீசினால் வழியெல்லாம் முளைத்துவிடும். தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.